லேபிள் வெட்டிய ஓட்டல்

அன்புள்ள நெருப்பெரிச்சல் வாசகருக்கு,

"நெருப்பெரிச்சலிலிருந்து வயிற்றெரிச்சலுடன் எழுதுகிறேன்" என்று தொடங்கும் உங்கள் கடிதம் கிடைத்தது. நான்கு பக்கம். அதில் மூன்று பக்கம் ஒரு ஜன்னல் திரையைப் பற்றியே இருந்தது. படிக்கப் படிக்கச் சிரிப்பு வந்தது. நானும் ஒரு காலத்தில் இப்படி மாட்டியவன்தான் என்பது ஞாபகம் வந்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது.

மற்ற வாசகர்களுக்காக உங்கள் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இருபது மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறீர்கள். எத்தனை நாளைக்கு அடுத்தவர் ஆர்டரையே தைப்பது, சொந்தமாகப் பையர் பிடிக்கலாம் என்று 2025 பிப்ரவரியில் டெல்லி பாரத் மண்டபத்தில் நடந்த பாரத் டெக்ஸ் கண்காட்சிக்கு மச்சானோடு கிளம்பினீர்கள். ரூம் போட ஒரு தள்ளுபடித் தளத்துக்குப் போனீர்கள். வட்டாரத்தையும் நட்சத்திரத்தையும் தேர்ந்தெடுத்து, கொடுக்க நினைக்கும் விலையைச் சொன்னால் போதும், ஏதாவது ஒரு ஓட்டல் ஒத்துக்கொண்டால் உடனே பணம் போய்விடும், ஓட்டலின் பெயர் அதற்குப் பிறகுதான் தெரியும் என்றது தளம். ஏர்போர்ட் வட்டாரம், 3 நட்சத்திரம், ஒரு இரவுக்கு ₹1,900 என்று கேட்டீர்கள். கிடைத்தது. மஹிபால்பூரில் போய் இறங்கினீர்கள். ரூமில் அழகான திரை தொங்கியது. வெளிச்சம் வரட்டும் என்று மச்சான் அதை இழுத்தார். பின்னால் சுவர்.

அந்தச் சுவரைத்தான் மூன்று பக்கம் வைதிருக்கிறீர்கள். நாலாம் பக்கத்தில் இரண்டு கேள்விகள். என்னை ஏமாற்றினார்களா? வரும் ஜூலையில் நியூயார்க் ஜாவிட்ஸ் சென்டர் கண்காட்சிக்குப் போகலாம் என்றிருக்கிறேன், அங்கேயுள்ள நண்பர் இதே மாதிரித் தளத்தில்தான் மலிவு என்கிறார், நம்பலாமா?

முதல் கேள்விக்கு என் பதில் உங்களுக்குப் பிடிக்காது. வட்டாரம் ஏர்போர்ட் என்றார்கள், அதைத் தந்தார்கள். இருவர் படுக்க இடம் என்றார்கள், அதையும் தந்தார்கள். ஜன்னல் உண்டென்று அவர்கள் எங்கும் எழுதவில்லை. 3 நட்சத்திரம் என்றால் ஜன்னல் இருக்கும் என்று நீங்களாக நினைத்துக்கொண்டீர்கள். நம் நாட்டில் ஓட்டலுக்கு நட்சத்திரம் கொடுக்க மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் ஒரு குழு இருக்கிறது. ஆனால் அதனிடம் போய் நட்சத்திரம் வாங்குவது ஓட்டல்காரரின் விருப்பம். தளங்களில் மின்னும் நட்சத்திரம் பல நேரம் அந்தத் தளமே ஒட்டியது. அரசாங்க முத்திரை என்று எண்ணி அதற்குப் பணம் கட்டக்கூடாது.

இதைச் சொன்னால் கோபப்படுவீர்கள் என்பதால் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் இடத்துக்கு, மிச்சப் பனியன் விற்கும் நம் திருப்பூர்ச் சந்தைக்கு, உங்களைக் கூட்டிப்போகிறேன். காதர்பேட்டை.

பத்தாயிரம் பீஸ் ஆர்டர் என்றால் டேமேஜ் போகக் குறையக்கூடாதே என்று கட்டிங்கிலேயே கொஞ்சம் கூட வெட்டுகிறோம். ஷிப்மென்ட் போனபின் நல்ல பீஸாகவே சில நூறு மிச்சம் நிற்கும். அதைக் காதர்பேட்டைக்குத் தள்ளும்போது முதலில் என்ன செய்வோம்? கழுத்தில் இருக்கும் மெயின் லேபிளை வெட்டுவோம். லண்டனில் இருபது பவுண்டுக்கு விற்கும் பனியன் இங்கே நூற்றைம்பது ரூபாய்க்குப் பெயரோடு தொங்கினால் பையர் நம்மை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். பீஸில் குறை ஒன்றும் இல்லை. பெயரின் மதிப்பைக் காப்பாற்றத்தான் வெட்டு.

அந்த ஓட்டல் செய்ததும் இதேதான். விற்காத பனியன் நாளைக்கும் பனியன்தான், ஒரு வருஷம் கழித்தும் விற்கலாம். இன்றிரவு ஆள் வராத ரூமை நாளைக்கு விற்க முடியாது, விடிந்ததும் அந்த இரவு செத்துப்போகிறது. அதனால் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட ஓட்டல்காரர் தயார். ஆனால் வாசலில் ₹4,000 என்று எழுதிவிட்டு ₹1,900-க்கு வெளிப்படையாக விற்றால், முழு விலை கொடுத்து உள்ளே படுத்திருப்பவர் சண்டைக்கு வருவார். ஆகவே பெயரை வெட்டிவிட்டு விற்கிறார்.

இந்த யோசனையை இணையத்தில் பெரிய வியாபாரமாக்கியவர் அமெரிக்காவின் ஜே வாக்கர். அவர் தொடங்கிய பிரைஸ்லைன் 1998-இல் கடை திறந்தது. 'உங்கள் விலையை நீங்களே சொல்லுங்கள்' என்பதே அதன் கோஷம். அந்த முறைக்கு அதே ஆண்டு ஆகஸ்டில் காப்புரிமையும் வாங்கினார்கள். ஸ்டார் ட்ரெக் தொடரில் கப்பல் தலைவராக நடித்த வில்லியம் ஷாட்னர் விளம்பரத்தில் வந்தார். முதலில் விமானச் சீட்டு, பிறகு ஓட்டல் ரூம். 2000-இல் ஹாட்வயர் என்ற தளம் வந்தது. அங்கே இப்படி விலை கேட்கும் ஏலம் கிடையாது, விலையை அவர்களே சொல்லி ஓட்டல் பெயரை மட்டும் மறைப்பார்கள். விமானச் சீட்டுக்கான ஏலத்தைப் பிரைஸ்லைன் 2016-இல் நிறுத்திவிட்டது. ஏலம் போனாலும் பெயர் மறைத்த சலுகைகள் நிலைத்துவிட்டன. உங்கள் நியூயார்க் நண்பர் சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையாகத்தான் இருக்கும். நீங்கள் விலை கேட்டாலும் அவர்கள் விலை சொன்னாலும் நாம் வாங்குவது லேபிள் வெட்டிய சரக்கு.

நம் ஊர்ச் சந்தையிலும் மறைத்துப் பேசும் வியாபாரம் உண்டு. காங்கேயம் பக்கம் கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் பார்த்திருப்பீர்கள். தரகர் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் துண்டுக்குள் ஒளிந்திருப்பது விலை மட்டும். மாடு வெட்ட வெளியில் நிற்கிறது. வாங்குபவர் பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, நாலு எட்டு நடக்கவிட்டுத்தான் கையைத் துண்டுக்குள் விடுகிறார். நீங்கள் போன தளத்தில் விலை வெளியே நின்றது, மாடு துண்டுக்குள் இருந்தது. கண்ணபுரத்தில் அப்படி ஒருவன் மாடு விற்க வந்தால் நீங்கள் வாங்குவீர்களா?

வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. காதர்பேட்டையில் லேபிள் வெட்டிய சரக்கை ஸ்டாக் லாட்டாக மொத்தமாக எடுத்துப் பிழைக்கிறவர்கள் எத்தனை பேர்! அவர்கள் கேட்கும் ஒரே கேள்வி இதுதான்: இது மிச்சமா, செகண்ட்ஸா? மிச்சம் என்றால் நல்ல பீஸ், ஆள் இல்லாததால் மலிவு. செகண்ட்ஸ் என்றால் ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, ஷேட் மாறிய கை. இரண்டுக்கும் லேபிளை வெட்டித்தான் விற்கிறார்கள். இரண்டும் ஒரே கட்டில் வரும். விலை குறைவு என்பது இரண்டுக்கும் பொது. ஓட்டலுக்கும் இந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிவிட்டால் உங்கள் வயிற்றெரிச்சலில் பாதி தீர்ந்துவிடும்.

எப்போது மிச்சம் விழும் என்பதை நாள்காட்டி சொல்லும். ஆபீஸ்காரர்கள் வந்து தங்கும் ஓட்டலில் சனி, ஞாயிறு ரூம் காலியாகக் கிடக்கும். ஊட்டியில் மழைக்காலத்தில் கிடக்கும். அது மிச்சம். தைப்பூசத்தன்று பழனியில் பாதி விலைக்கு ரூம் என்று ஒருவன் கூப்பிட்டால்? மே மாதம் மலர்க் கண்காட்சி சமயத்தில் ஊட்டியில் கூப்பிட்டால்? நல்ல ரூமெல்லாம் முழு விலைக்குப் போன பிறகு எவரும் தொடாமல் நிற்பதுதான் அது. டெல்லியில் உங்களுக்கு நடந்ததும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். பெரிய கண்காட்சி நடக்கும் வாரத்தில் நீங்கள் மிச்சத்தைத் தேடினீர்கள்.

ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970-இல் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வாங்குபவனுக்கு நல்ல காரும் ஓட்டைக் காரும் பிரித்துத் தெரியாவிட்டால், அவன் எல்லாவற்றுக்கும் நடுத்தர விலைதான் சொல்வான். அந்த விலை கட்டாது என்று நல்ல கார் வைத்திருப்பவன் சந்தையை விட்டுப் போவான். கடைசியில் ஓட்டைக் கார்கள்தான் மிஞ்சும். 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. காதர்பேட்டையில் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தாலும் இதே முடிவுக்கு வந்திருப்பார்.

சரி, பெயர் தெரியாமல் சரக்கைப் பார்ப்பது எப்படி? ஸ்டாக் லாட் வியாபாரி மெயின் லேபிள் இல்லையென்று கலங்குவதில்லை. பக்கத் தையலைத் திருப்பிப் பார்ப்பார். வாஷ்கேர் லேபிள் வெட்ட விட்டுப்போயிருக்கும். அமெரிக்கச் சரக்கு என்றால் அதில் ஆர்.என். என்ற கம்பெனிப் பதிவு எண் இருக்கும், அதை வைத்துக் கம்பெனியையே பிடித்துவிடலாம். கழுத்து டேப், பட்டன், பிரிண்ட் என்று ஒவ்வொன்றும் ஒரு சாட்சி. ஓட்டலுக்கும் இப்படி வாஷ்கேர் லேபிள் உண்டு. பெயரை மறைத்தாலும் வட்டாரம், நட்சத்திரம், நீச்சல்குளம் உண்டா, காலை உணவு உண்டா, தங்கியவர்கள் கொடுத்த மதிப்பெண் என்ன என்பதெல்லாம் தளத்தில் கிடக்கும். அதே தளத்தின் வெளிப்படையான பட்டியலுக்குப் போய் அதே வட்டாரத்தில், அதே நட்சத்திரத்தில், அதே மதிப்பெண்ணும் அதே வசதிகளும் உள்ள ஓட்டல் எது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பல நேரம் இரண்டு மூன்று பெயருக்குள் வந்து நிற்கும். நிச்சயம் என்று சொல்ல முடியாது, ஊகம்தான். பழைய ஏலக்காரர்கள் எந்த வட்டாரத்தில் என்ன விலைக்கு எந்த ஓட்டல் விழுந்தது என்று குறித்துவைத்துத் தங்களுக்குள் சொல்லிக்கொண்டதும் இதற்காகத்தான்.

ஊகம் பலிக்காவிட்டால்? அதற்குத்தான் முக்கியமான விதி. அந்த வட்டாரத்தில் அந்த நட்சத்திரத்தில் உள்ள எல்லா ஓட்டலையும் வரிசையாக எழுதுங்கள். அதில் ஆகக் கடைசியான ஒன்றைக் கண்டுபிடியுங்கள். எனக்கு இதுதான் விழப்போகிறது என்று வைத்துக்கொண்டு யோசியுங்கள். அங்கே மூன்று இரவு தூங்க முடியும் என்றால், அதற்கு என்ன கொடுப்பீர்களோ அந்த விலையை மட்டும் கேளுங்கள். முடியாது என்றால் வட்டாரத்தை மாற்றுங்கள் அல்லது ஒரு நட்சத்திரம் ஏறுங்கள். நீங்கள் செய்தது நேர்மாறு. பட்டியலில் ஆக நல்ல ஓட்டலின் படத்தைப் பார்த்துவிட்டு அது விழும் என்று கை வைத்தீர்கள்.

அந்த ஆகக் கடைசி ஓட்டலைக் கண்டுபிடிப்பதற்கும் நீங்கள் தினமும் செய்யும் வேலைதான் கைகொடுக்கும். இன்ஸ்பெக்ஷனுக்கு வரும் க்யூ.சி. பத்தாயிரம் பீஸையும் பிரிப்பதில்லை. ஏ.க்யூ.எல். எனும் குறைகளுக்கான ஏற்பு வரம்பு 2.5 என்றால் 200 பீஸ் உருவுகிறார். மேஜர் ஃபால்ட் 10 வரை இருந்தால் பாஸ், 11 ஆனால் லாட்டே ஃபெயில். கிரிட்டிக்கல் என்றால் ஒன்றுகூட ஆகாது. துணிக்குள் ஒடிந்த ஊசி கிடந்தால், மீதி எவ்வளவு அழகாக இருந்தாலும் பேச்சே இல்லை. தங்கிவிட்டுப் போனவர்கள் எழுதியதையும் இந்தக் கண்ணோடு படியுங்கள். சராசரி 4.1 என்பதில் ஒன்றும் இல்லை. ஐந்து நட்சத்திரம் போட்டுப் புகழ்ந்ததையும் ஒன்று போட்டுத் திட்டியதையும் கொஞ்சம் தள்ளிவையுங்கள். நடுவில் மூன்று போட்டவர் இரண்டு பக்கமும் பார்த்து எழுதியிருப்பார். கடைசி மூன்று மாதத்தில் எழுதியதாக இருபது எடுத்து, பக்கத்தில் ஒரு தாளில் கோடு போடுங்கள். காபி சுமார், டி.வி. சின்னது என்பது மைனர். சாக்கடை நாற்றம், ராத்திரி முழுக்கச் சத்தம், வெந்நீர் வரவில்லை, ஜன்னல் இல்லை என்பதெல்லாம் மேஜர். ஒரே குறை நான்கு பேர் வாயில் வந்தால் அது ஓட்டலின் குறை, வந்தவரின் மனக்குறையாக இருக்க வாய்ப்பில்லை. கதவுத் தாழ்ப்பாள் சரியில்லை, மாடிப்படி பூட்டியிருக்கிறது என்பது கிரிட்டிக்கல். ஒருவர் எழுதியிருந்தாலும் போதும்.

கூலிக்கு எழுதும் விமர்சனங்களும் உண்டு. இணைய விமர்சனங்களைக் கையாள்வதற்கென்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் ஐ.எஸ். 19000 என்ற தரத்தைக் கொண்டுவரும் அளவுக்கு அது வளர்ந்தது. தளத்தின் படத்தை விடுத்து, தங்கியவர்கள் போனில் எடுத்துப் போட்ட படத்தைப் பாருங்கள். நீங்கள் போட்ட ரூமின் படங்களில் எத்தனையில் திரை திறந்திருந்தது என்று இப்போதாவது போய்ப் பாருங்கள்.

இனி கணக்கு. நீங்களே எழுதியிருக்கும் எண்கள் இவை. ரூம் ₹1,900. மஹிபால்பூரிலிருந்து பாரத் மண்டபம் போய்வரக் காருக்கு ஒரு நாளைக்கு ₹1,400. ஆக ₹3,300. கரோல் பாக்கில் உங்கள் நண்பர் ஒருவர் பெயர் தெரிந்தே ₹2,700-க்குத் தங்கினார் என்கிறீர்கள். அங்கிருந்து மெட்ரோவின் நீலத் தடத்தில் ஏறினால் வண்டி மாறாமல் சுப்ரீம் கோர்ட் நிலையம். பாரத் மண்டபம் அதன் பக்கத்தில். இருவருக்கும் போகவர ₹200 என்று தாராளமாகவே வைத்தாலும் ₹2,900. ஏலத்தில் வென்ற நீங்கள் நாளொன்றுக்கு ₹400 அதிகம் கொடுத்திருக்கிறீர்கள். ஒரு பனியனுக்கு காஸ்டிங் போடும்போது துணி விலையை மட்டும் எழுதிவிட்டு விலை சொல்வீர்களா? தையல், பேக்கிங், லாரி வாடகை, ரிஜெக்ஷன் சதவீதம் எல்லாம் சேர்த்த பிறகுதானே பையரிடம் வாயைத் திறப்பீர்கள். ரூமுக்கும் ஒரு காஸ்டிங் ஷீட் போடுங்கள். வாடகை, வரி, வண்டி, காலைச் சாப்பாடு, கடைசியில் ரிஜெக்ஷன். நான்கு தடவை கண்ணை மூடி ரூம் எடுத்தால் ஒரு தடவை வேறு ரூம் தேடி ஓட வேண்டிவரும் என்று வைத்து, அந்தச் செலவில் கால் பங்கை ஒவ்வொரு தடவையும் கூட்டிக்கொள்ளுங்கள். அப்படியும் மலிவாக இருந்தால் அது உண்மையிலேயே மலிவு.

காஸ்டிங் ஷீட்டில் எழுத முடியாத ஒரு செலவும் உண்டு. அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல வருஷங்களுக்கு முன் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். முதலாளியோடு வெளிநாட்டில் ஒரு பையரைப் பார்க்கப் போனபோது, கெட்டிக்காரத்தனமாகப் பெயர் தெரியாத சலுகையில் ரூம் போட்டு நாற்பது டாலர் மிச்சம் பிடித்தேன். போய்ப் பார்த்தால் ஒரே கட்டில். இந்த வகைச் சலுகையில் இருவர் தங்கலாம் என்பதற்குத்தான் உத்தரவாதம், கட்டில் ஒன்றா இரண்டா என்பது அங்கே போனால்தான் தெரியும். "பரவால்லீங்க தம்பி, நீங்க அந்தப் பக்கம் படுத்துக்கங்க" என்றார் முதலாளி. அவர் பக்கத்தில் எப்படிப் படுப்பது? தரைவிரிப்பில் சுருண்டேன். நான் கீழே கிடக்கிறேனே என்று அவரும் தூங்கவில்லை. காலையில் பையர் பீஸுக்கு 5 சென்ட் குறைக்கச் சொன்னார். வழக்கமாக அரை நாள் இழுத்துப் பேசுகிற முதலாளி, கண் எரிச்சலில் சரியென்று தலையாட்டிவிட்டார். முப்பதாயிரம் பீஸ். 1,500 டாலர். ஊருக்குத் திரும்பும்வரை அந்த நாற்பது டாலரை நான் வாயால் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

அதனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: நியூயார்க்கில் முதல் இரண்டு இரவுக்கு இந்த விளையாட்டு வேண்டாம். பத்தொன்பது இருபது மணி நேரம் பயணம் செய்து, ராத்திரி பகல் மாறிப்போய் இறங்குவீர்கள். விமானம் விடியற்காலையில் இறங்கினாலும் அங்கே ரூம் கையில் கிடைக்க மதியம் மூன்று மணி ஆகலாம். நம் ஊர் லாட்ஜ் மாதிரி எப்போது போனாலும் அப்போதிலிருந்து 24 மணி நேரம் என்ற கணக்கு அங்கே இல்லை. பெட்டியையாவது முன்னதாக வாங்கி வைப்பார்களா என்று கேட்க வேண்டுமானால் பெயர் தெரிந்த ஓட்டலாக இருக்க வேண்டும்.

இன்னொன்று, இந்தச் சலுகைகளில் கட்டிய பணம் பொதுவாகத் திரும்பாது. விசா கையில் வராமல் காசு கட்டவே கட்டாதீர்கள். முதலில், ரத்து செய்தால் பணம் திரும்பும் ஒரு ரூமைப் போட்டுவைத்துக்கொள்ளுங்கள். கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது, கடைசி நாட்களுக்கு மட்டும் பெயர் மறைத்த சலுகையைப் பாருங்கள். நல்லதாக அமைந்தால் அந்த நாட்களுக்கு முதலில் போட்ட ரூமைக் கெடு முடிவதற்குள் ரத்து செய்யுங்கள். அமையாவிட்டால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கையில் ஒரு ரூம் இருக்கிறவன் நிதானமாகக் கேட்பான். ஏலச்சீட்டில் பார்த்ததில்லையா? மறுநாள் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டியவன்தான் ஆக அதிகம் தள்ளி எடுப்பான். அவசரத்தில் உட்கார்ந்தால் எந்த ஏலமும் நமக்கு எதிராகத்தான் போகும்.

வட்டாரம் பற்றியும் ஒரு வார்த்தை. ஜாவிட்ஸ் சென்டர் மன்ஹாட்டனின் மேற்கு ஓரத்தில் பதினோராம் அவென்யூவில் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே 2015-இல் ஹட்சன் யார்ட்ஸ் என்ற சப்வே நிலையம் திறந்தார்கள். ஏழாம் எண் ரயில் அங்கிருந்து கிளம்பி டைம்ஸ் சதுக்கம், கிராண்ட் சென்ட்ரல் வழியாக ஆற்றுக்கு அடியில் புகுந்து குயின்ஸில் லாங் ஐலண்ட் சிட்டிக்குப் போகிறது. அங்கே ஓட்டல்கள் நிறைய. மன்ஹாட்டனுக்குள் இரண்டு வண்டி மாறிப் போகும் இடத்தைவிட, ஆற்றைத் தாண்டினாலும் ஒரே வண்டியில் போகும் இடம் மேல். வரைபடத்தில் தூரத்தைப் பார்க்காதீர்கள், காலை எட்டரை மணிக்கு எத்தனை நிமிஷம் ஆகும் என்று பாருங்கள். அவினாசி ரோட்டில் ஷிப்ட் விடும் நேரத்தில் வண்டி ஓட்டியவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நீங்கள் 150 டாலர் என்று பார்க்கும் ரூமுக்கு நியூயார்க் நகரில் 14.75 சதவீத வரியும் இரவுக்கு மூன்றரை டாலரும் சேரும். 175 டாலரைத் தாண்டிவிடும். முன்பெல்லாம் இதற்கு மேல் வசதிக் கட்டணம் என்று ஒன்றைக் கடைசியில் சொருகுவார்கள். 2025 மே 12 முதல் அமெரிக்காவில் அப்படிக் கட்டாயமாக வாங்கும் கட்டணத்தை முதலிலேயே சேர்த்துக் காட்ட வேண்டும் என்று விதி வந்துவிட்டது. அரசு வரியைப் பிறகு காட்டலாம், அதனால் கடைசிப் பக்கம் வரை போய் மொத்தத்தைப் பாருங்கள். நம் நாட்டில் ₹7,500 வரையிலான ரூமுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அதற்கு மேல் 18. பில்லில் அது சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் ஆடிட்டருக்கும் நல்லது.

"இன்னும் ஒரே ஒரு ரூம்தான் இருக்கிறது, பதினேழு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்று திரையில் சிவப்பு எழுத்து துடித்ததும் பதறிப்போய் அழுத்தினேன் என்று எழுதியிருந்தீர்கள். இல்லாத அவசரத்தை உண்டாக்கி விற்பது நம் நாட்டில் முறைகேடு. நுகர்வோரை ஏய்க்கும் இப்படிப்பட்ட 13 உத்திகளைப் பட்டியலிட்டு 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டது. போலி அவசரமும் கடைசியில் கட்டணம் சொருகுவதும் அதில் உண்டு. புகார் சொல்ல 1915 என்ற எண் இருக்கிறது. தளம் காட்டும் பட்டியல்தான் ஊரிலுள்ள ஓட்டல்கள் என்றும் எண்ண வேண்டாம். 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் மேக்மைட்ரிப், கோஐபிபோ கூட்டுக்கு ₹223.48 கோடியும் ஓயோவுக்கு ₹168.88 கோடியும் அபராதம் விதித்து உத்தரவிட்டது. ஓயோவுக்குப் போட்டியான சிறு ஓட்டல் நிறுவனங்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதும் அந்த வழக்கில் பேசப்பட்ட விஷயம். பட்டியலில் இல்லாத நல்ல ஓட்டலும் இருக்கலாம். ஒரு போன் போட்டு, "நேரா உங்ககிட்ட எடுத்தா என்ன விலைங்க?" என்று கேட்பதில் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

கடைசியாக ஒன்று. கரோல் பாக்கை மேலே நல்லதாகச் சொன்னேன். 2019 பிப்ரவரி 12 விடியற்காலையில் அதே கரோல் பாக்கில் ஒரு ஓட்டல் தீப்பிடித்து 17 பேர் இறந்தார்கள். வியாபாரத்துக்கும் கல்யாணத்துக்கும் வந்து தூங்கிக்கொண்டிருந்தவர்கள். உங்கள் ஜன்னல் திரைக் கதையில் நான் சிரிப்பை நிறுத்திய இன்னொரு இடம் அது. ஜன்னல் இல்லாத ரூம் என்றால் வெளிச்சம் இல்லை என்பது மட்டுமா? புகை சூழ்ந்தால் முகத்தை வெளியே நீட்ட இடமில்லை. எந்த ரூமில் நுழைந்தாலும், பெட்டியை வைத்த கையோடு வெளியே வந்து அவசரப் படிக்கட்டு எங்கே, அதன் கதவு திறக்கிறதா என்று ஒரு தடவை தள்ளிப் பாருங்கள். பூட்டியிருந்தால் கட்டிய பணத்தை மறந்துவிட்டு வெளியேறுங்கள். ஒடிந்த ஊசிக்கு ஏ.க்யூ.எல். கிடையாது.

இனி ஆன்லைன் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று முடித்திருக்கிறீர்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். காதர்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு ஸ்டாக் லாட்காரர் இருக்கிறார். கட்டின் மேலே இருக்கும் பீஸை அவர் தொடவே மாட்டார். நேராக அடியில் கையை விட்டு ஒன்றை உருவுவார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் விலை சொல்வார். "மேல இருக்கறது அவன் காட்டறது, அடியில இருக்கறதுதானுங்க நான் வாங்கறது" என்பார்.

நியூயார்க் போய்வந்து எழுதுங்கள். எத்தனை ஆர்டர் கிடைத்தது என்பதோடு, திரையை இழுத்தபோது பின்னால் என்ன இருந்தது என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். மச்சானைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
பழைய மெர்ச்சண்டைசர் ஒருவன்,
திருப்பூர்